மடி கரையேறும் வரை

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். என் கணவருக்கு வாயே கிடையாது. அவருக்குக் கொடுக்க வேண்டியதையும் சேர்த்து அல்லாஹ் எனக்கே தந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வேன். அந்த வாய் இல்லாவிட்டால் இன்றைக்கு எங்களுக்குப் படகும் இல்லை, கரையும் இல்லை.

இராணுவ விமானம் எங்கள் கடலில் விழுந்த கதையைக் கேட்டு வருகிறவர்களுக்கு விமானம்தான் வேண்டும். எப்படி வந்தது, எப்படி விழுந்தது, நெருப்புப் பிடித்ததா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். எனக்கோ அந்த விமானத்தை நினைத்தால் முதலில் வருவது சம்மாட்டியின் முகம். ஆகவே அந்த மனுசரிலிருந்தே தொடங்குகிறேன்.

சம்மாட்டி என்றால் கரைவலைக்குச் சொந்தக்காரர். கற்பிட்டிக்கு மேற்கே, பெருங்கடலைப் பார்த்த கரையில் ஒரு நீண்ட துண்டு அவருடையது. அவருடைய வாப்பாவின் வாப்பா காலத்திலிருந்து அங்கே அவர்கள்தான் வலை போடுகிறார்கள். வலையைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு பக்கத்துக் கயிறுகளையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். வலையின் நடுவில் பை மாதிரி இருக்கும் பகுதிதான் மடி. மீன் எல்லாம் கடைசியில் அதற்குள் வந்து சேரும். மடி கரையேறுவதற்குள் பாதிக் காலை போய்விடும்.

சம்மாட்டி இழுக்க மாட்டார். கிடுகுப் பந்தலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு, வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக இருப்பார். மடி வரும்வரை எழும்ப மாட்டார். வந்ததும் எழும்பிப் போய், பிஸ்மில்லாஹ் சொல்லி, முதல் மீனை எடுத்துக் கடலுக்கே வீசுவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் மடியில் கை வைக்கலாம். இன்னும் இரண்டு சட்டங்கள் இருந்தன. வலை கடலில் இருக்கும்போது இயந்திரப் படகு எதுவும் அதைக் குறுக்கே கடக்கக் கூடாது. பெண்கள் வலைக்கயிற்றைத் தாண்டவே கூடாது. முதலாவதில் நியாயம் உண்டு, இயந்திரத்தின் விசிறி பட்டால் கயிறு அறுந்துபோகும். இரண்டாவதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

யுத்தத்தில் இயக்கக்காரர் எங்களை மன்னாரிலிருந்து துவக்கை, துப்பாக்கியைத்தான் சொல்கிறேன், காட்டி எழுப்பி விரட்டியபோது நான் பாவாடை சட்டை போட்ட பிள்ளை. தோணியில் ஏறி, கற்பிட்டியில் இறங்கி, அகதி முகாமில் வளர்ந்து, அதே முகாமில் கல்யாணமும் முடித்தேன். என் கணவரும் மன்னார்க் கடலில் தொழில் செய்தவர்களின் மகன்தான். பிறகு யுத்தம் முடிந்தது. இனி ஊருக்குப் போங்களேன் என்று பலபேர் அன்பாகச் சொன்னார்கள். ஊரில் எங்கள் வீட்டு வளவில் காடு மண்டியிருந்தது. பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் போகவில்லை. சம்மாட்டிக்கு அதில்தான் ஆத்திரம்.

கரையின் தெற்குக் கடைசியில் அவர் ஒரு தென்னங்குற்றியை நட்டு வைத்திருந்தார். குற்றிக்கு அங்கால் எங்கள் படகு ஏறலாம், கருவாடு போடும் கொட்டிலான வாடியும் கட்டலாம். குற்றிக்கு இங்கால் காலே வைக்கக் கூடாது. எங்களுக்கு அவர் வைத்த பெயர் ‘வந்தவங்க’. பள்ளிவாசலில் என் கணவரோடு ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று தொழுவார். ஸலாம் கொடுத்து வெளியே வந்து செருப்பைப் போட்டதும் நாங்கள் மறுபடி வந்தவங்க ஆகிவிடுவோம்.

அவருடைய வலை எங்கள் பக்கத்தையும் வளைத்துக்கொண்டுதான் கிடக்கும். அதனால் கடலுக்குப் போன என் கணவர் விடிந்ததும் மீனோடு திரும்பி வந்து, வலைக்கு வெளியே இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மடி கரையேறும்வரை காத்துக்கொண்டிருப்பார். நான் கரையில் ஐஸ் பெட்டியோடு காத்துக்கொண்டிருப்பேன். ஐஸ் உருகும். பாலாவிக்குப் போகும் மீன் லொறி எங்களுக்காக நிற்காது. நான் சம்மாட்டிக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாக ஏசுவேன். அவர் காது கேட்காத மாதிரி இருப்பார்.

“ஏன் இப்பிடிக் கத்துறீங்க? சட்டம் சட்டம்தானே” என்பார் என் கணவர்.

“அது அவர்ட சட்டம். எங்கட மீனுக்கு அது தெரியுமா?” என்பேன்.

அவர் சிரிப்பார். எனக்கு இன்னும் கோபம் வரும்.

அது சோழகக் காற்று ஓய்ந்து கடல் படுத்திருந்த காலம். காலையில் வலை கடலில் கிடந்தது. என் கணவரும் என் தம்பியும் வழக்கம்போல வலைக்கு வெளியே படகை நிறுத்தியிருந்தார்கள். யுத்த காலத்தில் அந்தப் பெரிய விமானங்களின் சத்தம் கேட்டால் எல்லோரும் கூரைக்குக் கீழே ஓடுவோம். யுத்தம் முடிந்த பிறகு அவை லீவில் போய்வரும் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு வடக்குக்கும் தெற்குக்கும் பறந்தன. பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி நாங்களும் பார்க்கப் பழகிவிட்டோம். அன்றைக்கு வந்தது மட்டும் மிகவும் தாழப் பதிந்து வந்தது. அதன் ஒரு பக்கத்து விசிறி சுற்றவே இல்லை.

அது தலைகுப்புற விழவில்லை. கடலைத் தரை என்று நினைத்துவிட்டதுபோல வயிற்றால் வந்து இறங்கியது. தண்ணீர் இரண்டு பக்கமும் எழும்பியது. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. வால் பிய்ந்து பின்னால் தங்கிவிட்டது. மீதி வழுக்கிக்கொண்டே வந்து, சம்மாட்டியின் வலை வளைத்திருந்த கடலுக்குள் புகுந்து நின்றது. பின்பக்கத்துத் திறப்பாலும் ஜன்னல்களாலும் ஆட்கள் வெளியே வந்து சிறகில் ஏறினார்கள். விமானம் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. சப்பாத்தோடும் சீருடையோடும் அவர்கள் தண்ணீரில் குதிப்பதை நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். பாதிப் பேருக்கு நீந்தத் தெரியாது என்பது குதித்த விதத்திலேயே தெரிந்தது.

அவர்களுக்கு மிகக் கிட்ட இருந்தது எங்கள் படகு. நடுவில் கிடந்தது வலை. என் கணவர் அந்த நேரத்திலும் கரையைப் பார்த்தார். ஒரு மூச்சு விடும் நேரம்தான், ஆனால் பார்த்தார். அதை நான் கண்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “போங்க! போங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவருக்கு அது கேட்டிருக்காது. கேட்காமலே இயந்திரத்தை முடுக்கினார். படகு வலை மிதவைகளின் மேலாக ஏறி உள்ளே பாய்ந்தது. விசிறியில் சிக்கிய கயிறு துள்ளி எழும்பி அறுந்தது.

சம்மாட்டி கதிரையிலிருந்து எழும்பினார். மடி வரும் முன் அவர் எழும்பி நான் கண்டது அன்றுதான். முதலில் அவர் வாயில் வந்த வார்த்தை “என்ட வலை!” என்பது. பக்கத்தில் நின்ற நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். பொய் சொல்லக் கூடாது, அடுத்த வார்த்தை “தோணியத் தள்ளுங்கடா, மனுசர் சாகுறாங்க” என்பதுதான். ஆனால் முதல் வார்த்தை முதல் வார்த்தைதான்.

படகு போய்ப் போய் வந்தது. தோணியும் போனது. மிதவைகளைப் பிடித்துத் தொங்கியவர்களைக் கரையில் நின்றவர்கள் வலையோடு சேர்த்து இழுத்தார்கள். விமானத்தின் முன்பக்கத்தில் இருந்தவர்கள் வரவில்லை. மற்றவர்கள் கரையில் கிடந்து வாந்தி எடுத்தார்கள், அழுதார்கள், ஒருவரை ஒருவர் தேடினார்கள். எங்கள் படகில் வந்தவர்களில் ஒரு சிப்பாய்க்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. நெற்றியில் இரத்தம். பல் அடித்துக்கொண்டிருந்தது.

சீருடையைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. எந்தப் பக்கத்துச் சீருடை என்றாலும் பிடிக்காது. ஆனால் அந்தப் பிள்ளை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு “அக்கே, அக்கே” என்று சிங்களத்தில் அழுதபோது என்ன செய்வது? வாடியிலிருந்த என் கணவரின் உலர்ந்த சாரத்தை எடுத்து அவனைப் போர்த்தினேன். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். ஒரு கையில் கோப்பை, மறு கையில் என் மணிக்கட்டு. குடித்து முடிக்கும்வரை அவன் என்னை விடவில்லை.

பிறகு ஹெலிகொப்டர் வந்தது, கடற்படைப் படகுகள் வந்தன, கெமராக்காரர்களும் வந்தார்கள். ஒரு பெரிய அதிகாரி, இவ்வளவு பேரையும் காப்பாற்றியது யார் என்று கேட்டார். சம்மாட்டி முன்னுக்குப் போய் என் கணவரின் தோளில் கை போட்டார்.

“அபே மினிசு, சேர்” என்றார். எங்களைத் திரும்பிப் பார்த்துத் தமிழிலும் சொன்னார்: “எங்கட ஆக்கள்தான்.”

இத்தனை வருடமாக வந்தவங்க. ஒரு விமானம் விழுந்ததும் எங்கட ஆக்கள். என் கணவர் ஒன்றும் விளங்காதவர்போலக் கெமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. அப்படிச் சந்தோசப்பட்டதை நினைத்தால்தான் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

கடலை மூடினார்கள். பெரிய மிதவைக் கப்பலைக் கொண்டுவந்து விமானத்தைத் துண்டு துண்டாகத் தூக்கினார்கள். யாரும் தொழிலுக்குப் போகவில்லை. பொறுத்துக்கொண்டோம், மனுசர் செத்த இடம். பிறகு ஒரு காலை எங்கள் வீட்டு வாசலில் கடற்படை ஜீப் வந்து நின்றது. பாராட்டுக் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் தலைச்சீலையைச் சரிசெய்துகொண்டு போனேன்.

ஒரு துவக்கு காணவில்லை என்றார்கள்.

அந்தப் பிள்ளையுடைய துவக்கு. கடலில் குதிக்கும்போதும் அதைக் கையிலிருந்து விடவில்லை, எங்கள் படகில் ஏறிய பிறகு படகுக்குள் வைத்தேன், அதற்குப் பிறகு தெரியாது என்று அவன் சொல்லியிருக்கிறான். துவக்கைத் தொலைத்தால் சிப்பாய்க்குத் தண்டனை. அந்தப் பயத்தில் சொன்ன பொய் என்று எனக்கு அப்போதே விளங்கியது. அவனுடைய ஒரு கையில் கோப்பையும் மறு கையில் என் மணிக்கட்டும்தான் இருந்தன. படகிலிருந்து அவனைத் தூக்கி இறக்கியதே என் தம்பிதான். துவக்கு எங்கே இருந்தது? இதைத்தான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஜீப்பில் வந்த அதிகாரியிடம் சொன்னேன்.

“நீ படகுக்காரனுடைய மனைவி. வேறு என்ன சொல்வாய்?” என்றார் அவர்.

வீட்டைக் கிளறினார்கள். வாடியில் உப்புத் தொட்டியைக் கவிழ்த்தார்கள், மணலைத் தோண்டினார்கள். கடைசியில் படகையும் இயந்திரத்தையும் கற்பிட்டி இறங்குதுறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். துவக்கு கிடைக்கும்வரை படகு கிடைக்காது. என் கணவர் ஒவ்வொரு நாளும் காலையில் போய் அங்கே ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்ட கேள்வியையே திரும்பவும் கேட்பார்கள். எத்தனையோ பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கிய கை அது. அதைக் காட்டச் சொல்லித்தான் கேட்டார்களாம், துவக்கைப் பிடித்துப் பழகிய கையா என்று.

படகை எடுத்துக்கொண்டு போன அன்றே அதிகாரி கரையில் நின்று சம்மாட்டியிடம், இந்தப் படகுக்காரரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தார்.

“அது இந்தக் கரைப் போட் இல்ல, சேர். வந்தவங்கட போட். அவங்களப் பத்தி எங்களுக்கு ஒண்டும் தெரியாது.”

நான் அங்கேயே நின்றேன். எனக்கு வாய் வரவில்லை என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் வரவில்லை. அன்று பின்னேரம் அவர் ஆள் அனுப்பினார். பிரச்சினை தீரும்வரை குற்றிக்கு அங்காலும் வந்தவங்கட சாமான் ஒன்றும் இருக்க வேண்டாமாம், வாடியைக் கழற்றிக்கொண்டு போகவாம். ஊரிலிருந்து எங்களைத் துவக்கைக் காட்டி எழுப்பினார்கள். கரையிலிருந்து, இல்லாத துவக்கைச் சொல்லியே எழுப்பப் பார்த்தார்கள்.

“கழட்டுவம்” என்றார் என் கணவர்.

“எங்க போறது?”

படகும் இல்லை, கரையும் இல்லை என்றால் எங்களுக்கு மிச்சம் முகாம்தான். பிள்ளைகளையும் அந்த முகாமிலேயே வளர்க்க வேண்டியதுதான். அந்தச் சிப்பாயை நான் ஏசாத ஏச்சில்லை. சாரத்தையும் கொண்டுபோய்விட்டான். இன்றுவரை அது திரும்பி வரவில்லை.

கடலைத் திறந்துவிட்டார்கள். சம்மாட்டி வலையைப் பொத்தித் தைத்து முதல் பாடாகக் கடலில் விட்டார். படகு இல்லாததால் என் தம்பியும் அவரிடமே கூலிக்குக் கயிறு இழுக்கப் போயிருந்தான். வயிறு இருக்கிறதே, என்ன செய்வது. என் கணவர் இறங்குதுறை வாங்கில் இருந்தார். நான் எங்கள் பக்கத்தில் வாடியின் கிடுகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தேன். கம்புகளையும் பிடுங்கி மணலில் போட்டாயிற்று.

மடி வந்தது. நல்ல பாடு, நாள்கணக்காகக் கை படாத கடல் அல்லவா. லொறிக்காரர் தராசோடு நின்றார். சம்மாட்டி எழும்பிப் போய், பிஸ்மில்லாஹ் சொல்லி, முதல் மீனை எடுக்க மடிக்குள் கையை விட்டார். விட்ட கையை வெறுமையாகவே எடுத்தார். மீனுக்கு நடுவில் கறுப்பாக ஒன்று கிடந்தது. அதன் பச்சை வார் வலைக்கண்ணில் சிக்கியிருந்தது.

சம்மாட்டி குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஆனால் காற்று என் பக்கம்தான் வீசிக்கொண்டிருந்தது.

“ஒருத்தரும் காணல்ல. தோணியில கொண்டுபோய் ஆழத்தில போட்டுட்டு வாங்கடா. இன்னொரு தரம் கடல மூடினா எல்லாரும் பட்டினிதான்.”

அவருடைய பயமும் பொய்யில்லை. கடல் மூடிக் கிடந்த நாட்களில் அவருடைய ஆட்களின் வீடுகளிலும் அடுப்பு எரியவில்லை. இதை இன்றைக்கு உட்கார்ந்து எழுதும்போது யோசிக்கிறேன். அன்றைக்கு யோசிக்கவில்லை. கையிலிருந்த கிடுகைப் போட்டேன், குற்றியைக் கடந்து ஓடினேன். குறுக்கே வலைக்கயிறு கிடந்தது. ஈரமாக, தடிப்பாக, என் முழங்கால் உயரத்தில் விறைத்து நின்றது. சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டினேன்.

“பொம்புள கயிறு தாண்டுறா!” என்று யாரோ கத்தினார்.

தாண்டியாயிற்று. மீனுக்குள் இறங்கி அதைத் தூக்கினேன். நினைத்ததை விடப் பாரமாக இருந்தது. வாரிலிருந்து ஒரு நண்டு விழுந்து ஓடியது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். சம்மாட்டி என்னிடம் மிகவும் அமைதியாகப் பேசினார்.

“புள்ள, அத வெச்சிட்டுப் போ. துவக்கு உன்ட கையில இருக்கிறத அவங்க கண்டா, இவ்வளவு நாளும் நீங்கதான் ஒளிச்சு வெச்சிருந்தீங்க எண்டுதான் சொல்லுவாங்க. எங்க இருந்து வந்த எண்டு ஆரு சாட்சி?”

அந்த மனுசர் சொன்னது சரி. எங்களைக் காப்பாற்ற வேண்டிய சாமான் என் கையில் இருந்தால் அதுவே எங்களை விழுங்கிவிடும். சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். எல்லோரும் அவருடைய கயிற்றை இழுத்துச் சாப்பிடுகிறவர்கள். யார் வாய் திறப்பார்கள்? என் தம்பி திறப்பான். அவன் என் தம்பி என்று தள்ளிவிடுவார்கள்.

துவக்கைத் திரும்பவும் மடிக்குள்ளேயே வைத்தேன். வார் முன்பு எந்தக் கண்ணில் சிக்கியிருந்ததோ அங்கேயே கிடக்கும்படி வைத்தேன். பிறகு மடியின் வாயை இரண்டு கையாலும் கூட்டிப் பிடித்துக்கொண்டு ஈர மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

“வலையிலயே கிடக்கட்டும். வலையோட சேத்துத்தான் அவங்க பாக்கணும். அதுவரைக்கும் ஒரு மீனும் வெளிய போகாது” என்றேன். தம்பியைப் பார்த்து, “சைக்கிள எடு. நேவிக்காரரக் கூட்டிக்கொண்டு வா” என்றேன்.

அவன் ஓடினான். சம்மாட்டி என்னைப் பிடித்து இழுக்கச் சொல்லவில்லை. வேறொருத்தன் மனைவியை எந்த ஆண் வந்து தொடுவான்? வீட்டுப் பெண்களைக் கூட்டிவரச் சொன்னார். ஒருவரும் போகவில்லை. அவர் போய்க் கதிரையில் உட்கார்ந்தார்.

வெயில் ஏறியது. மடிக்குள் மீன் துள்ளி, பிறகு அடங்கியது. லொறிக்காரர் நேரத்தைப் பார்த்தார், சம்மாட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தராசைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பாலாவிக்குப் போய்விட்டார். சம்மாட்டி லொறி போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்ததா என்று கேட்டால், இல்லை. காத்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று அவரும் ஒரு நாள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இருந்தது. என் கை மரத்துப்போனது. இருந்தாலும் விடவில்லை.

அதே அதிகாரிதான் வந்தார். வலைக்கண்ணில் சிக்கிய வாரைப் பார்த்தார், துவக்கின் இலக்கத்தைப் பார்த்தார், பிறகு இழுத்தவர்களைப் பார்த்தார். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். எல்லோரும் முதலில் சம்மாட்டியின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு வலக்கயிற்றில் முன்னுக்கு நின்று இழுக்கும் வயதான மனுசர், “மடியிலதான் வந்த சேர். நாங்க எல்லாரும் கண்ட” என்றார். அவர் சொன்னதும் மற்றவர்களும் ஓம், ஓம் என்றார்கள்.

“இந்தப் பெண் யார்?” என்று அதிகாரி கேட்டார்.

சம்மாட்டி தொண்டையைச் செருமினார். “எங்கட ஆள்தான், சேர்.”

எனக்கு அப்போதுதான் வாய் முழுதாகத் திரும்பி வந்தது. “இல்ல சேர்” என்றேன். “நான் வந்தவ. வலை இவர்ட. துவக்கு வந்தது இவர்ட வலையில. அத அப்பிடியே எழுதிக்கொள்ளுங்க.”

எழுதினார்கள். படகை உடனே தரவில்லை, அலைக்கழித்துத்தான் தந்தார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. என் கணவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை. எதிர்பார்த்தது நான் மட்டும்தான்.

படகு வந்த பிறகு முதல்முறையாக அவர் கடலுக்குப் போய்த் திரும்பிய காலை, நான் குற்றிக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டியோடு நின்றேன். வலை கடலில் கிடந்தது. படகு தூரத்தில் தெரிந்தது. இன்றைக்கு யார் தடுப்பார்கள் என்று நினைத்தேன். தலைச்சீலை முனையை வீசி, வாங்க, வாங்க என்று காட்டினேன். கயிறு இழுத்தவர்கள்கூடக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தார்கள். ஒருவர் “வாங்க நானா, பரவாயில்ல” என்று கூப்பிட்டார். சம்மாட்டி மட்டும் கதிரையில் இருந்தபடி படகையே கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகு மிதவைகளுக்குக் கிட்ட வந்தது. இயந்திரத்தின் சத்தம் நின்றது.

அவர் வெளியே நின்றார். நான் கத்தினேன். அவர் கையைக் காட்டினார், பொறுங்க என்று. சம்மாட்டி அன்றைக்கு வேண்டுமென்றே மெதுவாக இழுக்கச் சொன்னார், இது என் கற்பனை இல்லை. ஐஸ் முழுவதும் தண்ணீராகியது. லொறி போனது. மடி கரையேறி, முதல் மீன் கடலுக்குப் போன பிறகுதான் என் கணவர் படகைக் கரையில் ஏற்றினார். கால் மணலில் படும் முன்னமே நான் தொடங்கிவிட்டேன். உங்களுக்காக நான் மீனுக்குள் உட்கார்ந்திருந்தேன், கயிறு தாண்டினேன், ஊர் முழுக்க என்னைத் தூற்றுகிறது, நீங்கள் அந்த மனுசருக்கே இன்னும் பயந்து சாகிறீர்கள் என்று, வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். அவர் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அண்டைக்கு நான் மனுசருக்காகத் தாண்டின” என்றார் பிறகு. “இண்டைக்கு மீனுக்காகத் தாண்டினா, அண்டைக்குத் தாண்டினதும் அதுக்குத்தான் எண்டு ஆகிப்போகும். அதுக்குத்தானே அவர் பாத்துக்கொண்டிருந்தார்.”

சம்மாட்டியின் பக்கம் திரும்பினேன். அவர் இன்னும் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உருகிய ஐஸ் தண்ணீரை மணலில் ஊற்றினேன். மீனைக் கருவாட்டுக்குக் கீறத் தொடங்கினேன்.

அன்று பின்னேரம் வாடியின் கம்புகளை மறுபடி நட்டோம். வேண்டாம் என்று ஆள் வரவில்லை. கடைசிக் கம்பை நான் வேண்டுமென்றே குற்றிக்கு இங்கால், சம்மாட்டியின் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி நட்டேன். அவர் காணட்டும் என்றே மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினேன். என் கணவர் வந்தார். கம்பைப் பிடுங்கினார், குற்றிக்கு எங்கள் பக்கத்தில், அதை ஒட்டிக் குழி தோண்டி, ஆழமாக நட்டார். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. விமானமும் போய்விட்டது, சம்மாட்டியும் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். அந்தக் கம்பு இன்னும் அங்கேதான் நிற்கிறது.